படா பத்தரும் காக்கா டப்பாவும்

எங்கள் தீவில் தெற்கே மீனுக்குப் போகிற போட்டுகளுக்கெல்லாம் படா பத்தர் தெரியும். இந்தியில் பெரிய கல் என்று அர்த்தம். தண்ணீர் வற்றினால் அதன் முதுகு தெரியும். ஏறினால் ஒன்றும் தெரியாது. தமிழ் ஆள், தெலுங்கு ஆள், பெங்காலி, யாராக இருந்தாலும் போட்டு கட்டுகிற ஜெட்டியில் பேசும்போது படா பத்தர் என்றுதான் சொல்வோம். எல்லோரும் ஒரே கல்லைச் சொல்கிறோம் என்று நினைத்திருந்தேன். யாரும் யாரையும் கேட்டதில்லை.

நான் எட்டாவது வரை படித்தேன். பிறகு அப்பாவோடு கடல். ஒரு தடவை தோள் மூட்டு கழன்றது. கட்டுப் போட்டும் பழையபடி வரவில்லை. வலை இழுக்க முடியாத ஆளுக்குப் போட்டில் இடம் இல்லை. ஷாதிபூரில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து போட்டுகளுக்கு பேட்டரி, வயரிங், லைட் வேலை பார்க்க ஆரம்பித்தேன்.

என் மனைவியின் தங்கை எங்களோடு இருக்கிறாள். கம்ப்யூட்டர் படித்தவள். ஒரு ஆபீசில் கான்ட்ராக்டில் டைப் வேலை. அவள்தான் ஒரு நாள் பழைய டேப்லெட் ஒன்றில் கடல் படம் போட்டுக் காட்டினாள். நாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று அதில் ஒரு அம்புக்குறி நகரும். நெட் வேண்டாம்.

“இது ஃப்ரீ சாஃப்ட்வேர், அத்தான்.”

“சும்மா குடுக்கானா?”

“சும்மாதான். ஆனா விஷயம் அது இல்ல. உள்ள பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், நகல் எடுத்து அடுத்தவனுக்குக் குடுக்கலாம். விக்கவும் செய்யலாம். வாங்குறவன் கேட்டா, நாம மாத்துனது எப்படின்னு அவனுக்கும் குடுத்துரணும். அவ்வளவுதான் கண்டிஷன்.”

“விக்கலாமா?”

“விக்கலாம்னு எழுதியிருக்கு.”

“யாரு எழுதுனா?”

“செஞ்சவனே.”

“அவனுக்கு என்ன லாபம்?”

“அவன்கிட்டதான் கேக்கணும்.”

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பழைய டேப்லெட்டுகள் வாங்கினோம். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, போட்டு பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தேன். உள்வேலை அவள் பார்த்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். தமிழும் இந்தியும் போட்டாள். வெளிநாட்டுக்காரன் படத்தில் நம் கல்லுகள் பாதி இல்லை. நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகக் குறித்தாள். கல் கிட்டே வந்தால் டப்பா பேசும். அந்தக் குரலும் அவள் குரல்தான். ஃபேனை நிறுத்திவிட்டு அடுக்களையில் நின்று பேசி எடுத்தாள்.

“ஆகே பத்தர் ஹை. சம்பால்கே.”

முன்னால் கல், பார்த்துப் போ. அவ்வளவுதான் சொல்லும். ஜெட்டியில் கேலி செய்தார்கள்.

“வீட்லயும் பொம்பள சத்தம், இங்கயும் பொம்பள சத்தமா வேய்?”

“வீட்ல உள்ளது சொன்னா கேக்கீரா?”

“இல்ல.”

“இத கேளும். இங்க கல்லு இருக்கு.”

திரையைத் திறந்தவுடன் நீல வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கடல்காக்கா வரும். அடியில் இங்கிலீஷில் பெயர். செய்தவர்களுடைய பெயர், அவர்களுடைய படம். படம் நன்றாக இருந்தது. பெரிய கம்பெனி சாமான் மாதிரி தெரிந்தது. அதையே ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் ஒட்டினேன். அந்த இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. காக்கா டப்பா என்றார்கள். இந்திக்காரர்கள் கௌவா டப்பா என்றார்கள். ஃபாரின் சாமான் என்று நம்பி வாங்கினார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. ஃபாரின்தானே.

ஐஸ் கம்பெனி வைத்திருக்கிற அண்ணாச்சிக்குச் சொந்தப் போட்டுகள் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தன் போட்டு எல்லாவற்றுக்கும் டப்பா வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆர்டர் கிடைத்தால் ஜெட்டி பக்கத்தில் ஒரு கடை ரூம் எடுக்கலாம், கொழுந்தியாள் ஆபீஸ் வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அவள் மேலதிகாரியிடம் சொல்லவும் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தெலுங்குக்காரர் ஒருவருடைய போட்டு கல்லில் ஏறியது.

அதிலும் எங்கள் டப்பாதான் இருந்தது. போட்டு டிரைவர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த ஆள். முதலாளி அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: படா பத்தர் தாண்டின பிறகு கரையை ஒட்டி உள்ளே திரும்பு. மாலை, நல்ல மழை. டப்பா பேசியது. திரையில் படா பத்தர் என்று எழுத்து. அவன் அதைத் தாண்டினான். கரையை ஒட்டித் திரும்பினான். அடிப்பலகை கிழிந்தது.

ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. வேறொரு போட்டு இழுத்து வந்தது.

தமிழ் ஆட்களுக்குப் படா பத்தர் என்றால் வாய்க்கால் முகப்பில் இருக்கிற கல். தெலுங்குக்காரர்களுக்கு அது இன்னும் தெற்கே, கரையோரம் இருக்கிற வேறு கல். அவர்கள் வீட்டில் பெத்த ராயி என்பார்கள். ஜெட்டியில் இந்தியில் சொல்லும்போது இரண்டும் படா பத்தர் ஆகிவிடும். எனக்குத் தெரிந்த கல்லைத்தான் நான் குறித்தேன். மற்றது, அந்தப் போட்டு ஏறிய கல், இருப்பதே எனக்குத் தெரியாது.

முதலாளியின் மகள் மெயின்லேண்டில் காலேஜ் படிக்கிறாள். மூடியில் இருந்த பெயரைப் பார்த்து, அந்தப் பெயருள்ள வெளிநாட்டு ஆட்களுக்கு எழுதிவிட்டாள். உங்கள் படத்தை நம்பி எங்கள் போட்டு உடைந்தது, மூடியின் போட்டோ இதோ, என்று. அவர்கள் அப்படி ஒரு கல்லைக் குறிக்கவே இல்லை. குறித்தது யார் என்று தேடினார்கள். கேட்டவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நாங்கள் மாற்றிய எல்லாவற்றையும் கொழுந்தியாள் நெட்டில் வைத்திருந்தாள். அதனால் கண்டுபிடிப்பது சுலபம்.

அவளுக்கு மெயில் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் வாசித்துக் காட்டினாள்.

“கோர்ட்னு இருக்கா?” என்றேன்.

“இல்ல. மரியாதையாத்தான் எழுதியிருக்கான். நீங்க நல்ல வேலை செஞ்சிருக்கீங்க, தமிழ்ல வந்தது சந்தோஷம்னு முதல்ல சொல்லுதான்.”

“பெறகு?”

“சாஃப்ட்வேர எடுத்துக்கோ, மாத்து, வித்துக்கோ, அதுல எங்களுக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா பேரும் காக்கா படமும் எங்களோடது. லைசென்ஸ்ல அத நாங்க குடுக்கல. மாத்துன சரக்கு மேல அந்தப் பேரு இருக்கக் கூடாது. கொஞ்ச நாள்ல எடுத்துருங்கன்னு.”

“சரக்கக் குடுத்துட்டு பேரத் தர மாட்டேங்கானா?”

“ஆமா. பேரு டிரேட்மார்க். சாஃப்ட்வேர் காப்பிரைட். சட்டமே ரெண்டாம்.”

“அப்ப பேர எல்லா எடத்துலயும் அழிச்சிரு.”

“அங்கனதான் சிக்கல். உள்ள அவங்க எழுதுன ஃபைல்ல எல்லாம் செஞ்சவங்க பேரு இருக்கு. அத எடுத்தா லைசென்ஸ் போச்சு. அத எடுக்கவே கூடாது.”

“உள்ள எடுக்கக் கூடாது. வெளிய வைக்கக் கூடாது.”

“ஆமா.”

“நல்லா இருக்கு.”

என் மனைவி சோற்றை வைத்துவிட்டு நின்றாள். “ரெண்டு பேரும் பேரத் தின்னுங்க” என்றாள். சாப்பிட்டோம்.

மெயிலில் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் கொடுத்ததை ஒன்றும் மாற்றாமல் அப்படியே விற்றால் பெயரும் படமும் இருக்கலாம். அதாவது காக்கா வேண்டுமென்றால் எங்கள் கல், எங்கள் எழுத்து, அவள் குரல் எல்லாம் போக வேண்டும். எங்கள் கல் வேண்டுமென்றால் காக்கா போக வேண்டும்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். எது போனாலும் அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அவர் ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு மேலே பேசினார்.

“காக்கா இருக்கணும்வே. அது ஃபாரின் கம்பெனி. நாளைக்கு ஒண்ணுன்னா கேக்க ஆளு இருக்கு.”

“அப்ப கல்லு இருக்காது, அண்ணாச்சி. பேசாது.”

“எங்க டிரைவர்மாருக்குக் கல்லு தெரியும். நீரு காக்காவக் குடும்.”

“கல்லு தெரிஞ்ச ஆளுக்கு டப்பா எதுக்கு?”

“பக்கத்துப் போட்டுல இருக்கு. நம்ம போட்டுல இல்லாட்டி நல்லாவா இருக்கும்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உண்மையில் எனக்குக் காக்காவை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. வேலை மிச்சம். மாற்ற ஒன்றும் இல்லை, டப்பாவில் போட்டுக் கொடுத்தால் போதும். கடை ரூம் வந்துவிடும். கொழுந்தியாளிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினில் இருந்தாள். நிறுத்தவில்லை.

“நீங்க சொன்னா சரி, அத்தான்” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் சரி இல்லை என்று அர்த்தம்.

அந்த வாரம் தெலுங்குக்காரர் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் டப்பாவைக் கழற்றி ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அது நனைந்துதான் இருந்தது, ஆனால் வேலை செய்தது. திரையைத் திறந்து படா பத்தர் என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“யே கிஸ்னே லிக்கா?”

இதை யார் எழுதினது என்கிறார். நான் என்றேன்.

“தும்னே? கௌவா கம்பெனி நஹீ?”

காக்கா கம்பெனி இல்லை, நான்தான் என்றேன். என்னைப் பார்த்தார். கோபம் மாதிரி தெரியவில்லை. பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார். ஃபாரின் கம்பெனி சேட்டிலைட்டில் பார்த்து எழுதியிருக்கிறான், அவனுக்கு ஒரே ஒரு படா பத்தர்தான் தெரியும், அது தெலுங்கு ஆட்கள் சொல்கிற கல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம்.

“நீ எழுதினேன்னு தெரிஞ்சிருந்தா, நீ தமிழ்க்காரன்தானே, எந்தப் படா பத்தர்னு உன்கிட்டக் கேட்டிருப்பேன். ஜெட்டியில தினமும் பாக்குறோம்.”

என் மனைவி டீ கொண்டுவந்தாள். அவர் குடித்தார். போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பலகை மாற்றுகிறார்கள் என்றார். டப்பாவை என்ன செய்ய என்றேன். இங்கேயே இருக்கட்டும், சரி பண்ணி வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய போட்டு நினைவுக்கு வந்தது.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஆள். எங்கள் ஆட்கள் போட்டுக்குப் புனிதர் பெயர் வைப்பார்கள். முன்பக்கத்தில் பெயிண்டில் எழுதி, பூசை வைத்து, பிறகுதான் கடலில் இறக்குவார்கள். போட்டை விற்றால், கயிற்றைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் விற்கிறவன் அந்தப் பெயரைத் தானே சுரண்டி எடுத்துவிட வேண்டும். வாங்குகிறவன் கை அதில் படக் கூடாது. அவன் தன் வீட்டுப் புனிதரை எழுதிக்கொள்வான். அப்பா தன் முதல் போட்டை விற்றபோது வாங்க வந்தவன் சொன்னான்: பெயர் நல்லா எழுதியிருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே, அதுக்கும் சேர்த்துத் தாரேன்.

“படகத்தான் வித்தேன். பேர விக்கல” என்றார் அப்பா. சுரண்டிக்கொண்டே சொன்னார். “நாளைக்கு நீ எவன் வலையையாவது அறுத்தா, எம்பேரச் சொல்லில்ல வைவான்.”

போட்டுக்கு உள்ளே, அடிக்கட்டையில், செய்த ஆசாரி உளியால் போட்ட சின்னக் குறி ஒன்று உண்டு. அதை அப்பா தொடவில்லை. வாங்கினவனும் தொடவில்லை. அதை யாரும் தொட மாட்டார்கள்.

இதைக் கொழுந்தியாளிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

“இதத்தான் அந்த மெயில்ல நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கான்” என்றாள்.

“அவன் சுரண்டாமக் குடுத்துட்டான்.”

“அவன் எப்படிச் சுரண்டுவான்? நகல் எடுக்குறது நாமல்லா.”

“அப்ப நாமதான் சுரண்டணும்.”

“அண்ணாச்சி ஆர்டர்?”

“போகட்டும்.”

அவள் மறுநாள் ஆபீசில் போய் வேலையை விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்னும் அங்கேதான் போகிறாள். டப்பா வேலை சாயங்காலத்தில்.

அண்ணாச்சி ஹேவ்லாக் தீவில் ஒரு ஆளைப் பிடித்து, மாற்றாத சரக்கை வாங்கிக்கொண்டார். அதில் காக்கா உண்டு. அது சரியான காக்கா. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

திரையில் காக்கா இருந்த இடத்தில் வேறு பெயர் போட வேண்டும் என்றாள் கொழுந்தியாள். காலியாக விட்டால் என்ன என்றேன். காலியாக விட்டால் யார் செய்தது என்று மறுபடியும் தெரியாது, அதுக்குத்தானே இவ்வளவும் என்றாள். அதுவும் சரிதான். என் பெயர் வேண்டாம் என்றேன். அவள் பெயரும் வேண்டாம் என்றாள். ஷாதிபூர் என்று மூன்று எழுத்திலும் போட்டாள், தமிழ், இந்தி, தெலுங்கு. தேடி வர இடம் தெரிந்தால் போதும். உள்ளே ஒரு பக்கத்தில், இது இன்னாரிடமிருந்து எடுத்து நாங்கள் மாற்றியது, அவர்கள் செய்ததல்ல, கல் தப்பாக இருந்தால் எங்களைக் கேளுங்கள் என்று எழுதினாள். இன்னாரிடமிருந்து எடுத்தது என்று உண்மையைச் சொல்ல அவர்கள் பெயரை எழுதலாமாம். மேலே சட்டையாகத்தான் போடக் கூடாது. அவர்களுக்கு மெயில் அனுப்பினாள். நன்றி என்று பதில் வந்தது.

விற்ற டப்பாக்களில் ஸ்டிக்கர் இருந்தது. போட்டு போட்டாக நானே போனேன். பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியும். யாரிடமும் கொடுத்துச் சுரண்டச் சொல்லவில்லை.

“என்னவே, காக்காவ ஓட்டுதீரு?”

“அது அவிய காக்கா.”

“அப்ப இது யாரு சாமான்?”

“எங்களுது.”

“ஃபாரின் இல்லையா?”

“உள்ள ஃபாரின். கல்லு நான் போட்டது.”

சிலர் டப்பாவைக் கழற்றித் திருப்பித் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஒருத்தர் காக்கா இல்லாமல் கையில் தொட மாட்டேன் என்றார். நேற்று வரை கல்லுக்கு அருகே அதே குரலைக் கேட்டுத்தான் போனார். அவரிடம் அதைச் சொல்லவில்லை. மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள். பேச்சில் இன்னும் காக்கா டப்பா என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வாயைச் சுரண்ட முடியாது.

கடைசியாகத் தெலுங்குக்காரர் போட்டு. பலகை மாற்றிப் பெயிண்ட் அடித்து நின்றது. டப்பாவை மாட்டினேன். கல் விஷயம் மட்டும் பாக்கி இருந்தது.

அவர் சொன்ன கல்லையும் சேர்த்துக் குறித்திருந்தோம்; அவர் திரையில் இரண்டையும் பார்த்தார். தெற்கே இருப்பதுதான் படா பத்தர் என்றார். எங்கள் ஆட்கள் முகப்பில் இருப்பதைத்தான் சொல்வார்கள் என்றேன்.

“மேரா வாலா படா ஹை” என்றார். என்னுடையதுதான் பெரிசு என்று.

“அளந்து பார்த்தீரா?”

“போட்டு அளந்துச்சே” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் கல்லுக்கு முதுகுக் கல் என்று போட்டாள் கொழுந்தியாள். குரலும் புதிதாக எடுத்தாள். இப்போது எந்தக் கல் என்று பெயரோடு சொல்லும். ஃபேனை நிறுத்தி, அடுக்களையில் நின்றுதான். அவள் அக்கா வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டாள்.

முதல் ஓட்டத்துக்கு அவர் என்னையும் ஏறச் சொன்னார். தோள் வலி, கடலுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஏறினேன். அதே புது டிரைவர்தான் ஓட்டினான். முகப்பில் முதுகுக் கல் என்று குரல் வந்தது. அவன் தாண்டினான், திரும்பவில்லை. தெற்கே கொஞ்ச தூரம் போன பிறகு, படா பத்தர் என்று வந்தது. தண்ணீர் ஏற்றம், ஒன்றும் தெரியவில்லை. தெலுங்குக்காரர் கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே தண்ணீர் லேசாகச் சுழித்தது. டிரைவர் விலகிப் போனான்.

ஜெட்டியில் யாராவது படா பத்தர் என்றால், இப்போது எதிரில் இருப்பவன் “கௌன்சா?” என்று கேட்கிறான். எது என்று. சொன்னவன் கையை நீட்டிக் காட்டுகிறான். பிறகுதான் மற்றப் பேச்சு.